சட்டைக் கை மறைக்காத இடம்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் நான் வேலைக்குக் கிளம்பக் கூடுதலாகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. ஊரிலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் மெயின் ரோடு வரைக்கும் ஸ்கூட்டி, அங்கிருந்து பஸ். முதலில் முகத்துக்கும் கழுத்துக்கும் வெயில் தடுக்கும் க்ரீம். அது காய்ந்த பிறகு, கண் மட்டும் தெரிகிற மாதிரி பருத்தித் துப்பட்டா. பிறகு முழங்கை தாண்டிய கையுறை, காலுக்கு சாக்ஸ். கடைசியில் தண்ணீர் பாட்டில். வரிசை மாறினால் ஒன்று விட்டுப்போகும். துப்பட்டாவைச் சுற்றி முடித்த பிறகுதான் க்ரீம் ஞாபகம் வரும். எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டும்.

எங்கள் வீடும் சித்தப்பா வீடும் ஒரே வாசலைப் பார்த்தவை. நான் துப்பட்டா சுற்றுவதை எதிர்வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே சித்தி பாத்திரம் தேய்ப்பாள்.

"ஏ பாப்பா, நீ ஆபீசுக்குப் போறியா, தேனெடுக்கப் போறியா?"

"நீங்க மட்டும் என்னவாம் சித்தி? சித்தப்பா சட்டையப் போட்டுக்கிட்டு ஆம்பள மாதிரி நிக்கிறீங்க."

சித்தியின் கோடைக்கால உடுப்பு அது. புடவைக்கு மேலே சித்தப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் ஒரு துண்டு. பங்குனி முதல் வைகாசி வரைக்கும் முந்திரித் தோப்பில் விழுந்து கிடக்கும் பழங்களைப் பொறுக்கி, கொட்டையைத் திருகி எடுக்கிற வேலை இருக்கும். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாருமே அப்படித்தான் போவார்கள். க்ரீம் செய்கிற வேலையில் பாதியை அந்தச் சட்டை செய்துவிடும். அதைச் சித்தியிடம் சொல்லியிருக்கிறேன். "அப்ப நான் படிக்காத இஞ்சினீயரு" என்றாள்.

அந்த வருஷம் சித்தி மகளுக்கு, என் தங்கைக்கு, வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பெரம்பலூர் டவுனில். நிச்சயத்தன்று சித்தி காலையிலிருந்து அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். புடவைகூட மாற்றவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். தாம்பாளங்களை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டிருந்த சித்தியிடமே அவர்களில் ஒரு பெண், "பொண்ணோட அம்மா எங்கம்மா? கொஞ்சம் வரச் சொல்லு" என்றாள்.

"இதோ வரச் சொல்றேங்க" என்று சித்தி உள்ளே போனாள். முகம் கழுவி, பட்டுப்புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு வெளியே வந்து, "நாந்தாங்க" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். கேட்ட பெண் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். சித்தியும் சிரித்தாள். அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில், காலை ஷிப்ட் முடிந்து மதியம் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தால், சித்தி வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்து இன்னும் ஈரம் காயவில்லை. தங்கை எங்கள் வீட்டுக் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தினாள். "உன் சித்திக்கு அம்மா வந்திருக்குடி. குளிச்சிட்டு உள்ள வா. வெளியில போயி யார்ட்டயும் வாயத் தொறக்காத."

அம்மா என்றால் மாரியம்மன். எங்கள் பக்கம் அம்மை நோயைப் பெயர் சொல்லிக்கூடச் சொல்ல மாட்டோம்; அம்மா வந்திருக்கிறாள் என்போம். அவள் வந்திருக்கும் வீட்டில் தாளிக்கக் கூடாது, தலை சீவக் கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது. மேலுக்குத் தண்ணீர் ஊற்றி அவளை அனுப்பிவைக்கும்வரை எந்த நல்ல காரியமும் கூடாது. இரண்டு நாள் கழித்துப் பந்தக்கால் நடுவதாக இருந்தது.

"அப்ப கல்யாணம்?"

"கல்யாணம் நடக்கும். நெருங்கி வந்துட்டு நிறுத்துனா சம்மந்தி வூட்டுல என்ன நெனைப்பாங்க? நாளைக்கு விடியிறதுக்கு முன்ன உன் சித்தியத் தோப்புக் கொட்டாய்க்கு அனுப்பிடறது. வூட்டக் கழுவி விட்டுட்டா சுத்தம். தாரைவார்க்க நானும் உங்கப்பாவும் நிக்கிறோம். பெரியப்பா பெரியம்மா நிக்கிறது மொறதான்."

"சித்தி என்ன சொல்றாங்க?"

அம்மாவுக்குக் குரல் இறங்கிவிட்டது. "என்ன சொல்லுவா? 'நீங்க நில்லுங்க அக்கா, உங்க பொண்ணு மாதிரி'ன்னா. அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா."

அம்மாமேல் எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு வீட்டுக்கும் அவள்தான் மூத்தவள். கல்யாண வீட்டில் கைக்குழந்தைகள் வருவார்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் வருவார்கள். நிஜமாகவே அம்மையாக இருந்தால் சித்தி அங்கே இருக்கக் கூடாது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் தோப்புக் கொட்டாய் தகரம் போட்டது. மதியத்தில் உள்ளே கை வைத்தால் சுடும். நல்ல உடம்போடு இருப்பவர்களே அங்கே உட்கார முடியாது.

எனக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டிருந்தது. அதனால் பயமில்லை. குளித்துவிட்டுப் போய்ப் பார்த்தேன்.

உள்ளறையில் வெள்ளை வேட்டி விரித்து, அதன்மேல் வேப்பிலை பரப்பி, சித்தி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முகத்தில் ஒரு பக்கக் கன்னம் சிவந்து கொப்பளித்திருந்தது. நெற்றியில், மூக்கின்மேல், கழுத்தோரத்தில், கைகளில் எல்லாம் நீர் கோத்த கொப்புளங்கள். அவற்றின்மேல் அம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசியிருந்தாள்.

"வராத பாப்பா. நீ நாளைக்கு ஆபீஸ் போவணும்."

"எனக்கு வந்துட்டுப் போயிடுச்சு சித்தி. காய்ச்சல் இருக்கா?"

"இல்ல. எரியிது. மொளகாய அரைச்சுத் தடவுன மாதிரி எரியிது."

"அரிக்குதா?"

"எரியிதுன்னுதானே சொல்றேன்."

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் சுண்ணாம்புத் தூளும் அமிலமும் நாள் முழுக்கப் புழங்கும். யாருக்காவது கை எரிந்தால் உடனே கழுவச் சொல்லிவிட்டு, கேட்கிற கேள்விகள் சில உண்டு. எங்கே பட்டது? எங்கே படவில்லை? பட்டதும் படாததும் எந்த இடத்தில் பிரிகிறது? பெரும்பாலும் கடைசிக் கேள்வியில் விஷயம் தெரிந்துவிடும். கையுறை எங்கே முடிந்ததோ அங்கே தோல் பிரியும்.

பழக்கத்தில் சித்தியையும் அப்படித்தான் பார்த்தேன். "முதுகுல இருக்கா?" இல்லை. "வயித்துல?" இல்லை. அம்மை முதலில் வருவது அங்கேதான். இடது ரவிக்கைக் கையைத் தோள்வரை தூக்கிப் பார்த்தேன். மேல்கை சுத்தமாக இருந்தது. முழங்கைக்குக் கீழே, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல, ஓரிடத்தில் கொப்புளம் தொடங்கியது.

"சித்தி, தோப்புக்குப் போறப்ப சட்டக் கைய மடிச்சு விட்டிருந்தீங்களா?"

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"முந்திரிப்பால் தெறிச்சுதா?"

"முந்திரிப்பால் எனக்குப் புதுசா? வெரலு கறுக்கும், தோலு உரியும். மூஞ்சிக்கு எப்புடி வரும்?"

"வேற என்ன போட்டீங்க?"

"நான் என்னத்தப் போடப் போறேன்?" என்றவள், வாசல் பக்கம் பார்த்துவிட்டு, "கதவச் சாத்து" என்றாள்.

சாத்தினேன்.

தங்கை கல்யாணத்துக்காக ராத்திரிகளில் முகத்துக்கு எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். போனில் பார்த்த யோசனை. வெயில் கறுப்பு போய்விடுமாம். முந்தாநாள் காலையில் குளியலறை மாடத்தில் பிழிந்து மிச்சமிருந்த மூடிகளைச் சித்தி பார்த்திருக்கிறாள். வீணாகத்தான் போகப்போகிறது என்று எடுத்து முகத்திலும் கழுத்திலும் கையிலும் அழுத்தித் தேய்த்திருக்கிறாள். போதாதென்று புதிதாக ஒரு பழத்தையும் அறுத்துப் பிழிந்துகொண்டாள். ராத்திரியில் தேய்த்தால் மகள் பார்த்துச் சிரிப்பாள். அதனால் காலையில். கழுவவும் இல்லை. வெயிலில் காய்ந்தால் நன்றாகப் பிடிக்கும் என்று நினைத்து, சாறு ஒட்டாமலிருக்கச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பொழுது சாய்கிறவரை தோப்பில் முந்திரி பொறுக்கியிருக்கிறாள்.

"தாரைவார்க்கறப்ப எல்லாரும் பாப்பாங்க பாப்பா. போட்டோவுல காலத்துக்கும் இருக்கும். அன்னைக்கு அந்தப் பொண்ணு என்னையப் பாத்து, பொண்ணோட அம்மா எங்கன்னு கேட்டாள்ல? மாப்பிள்ளையும் நின்னுக்கிட்டுதான் இருந்தாரு. நம்ம புள்ளக்கி அது ஒரு மாதிரி இருந்திருக்கும்ல?"

விசிறியை எடுத்து வீசினேன்.

"அம்மாட்ட சொல்லிடலாம் சித்தி. இது அம்மை இல்ல. எலுமிச்சச் சாறு தோல்ல இருக்கறப்ப வெயில் பட்டா சுட்டுடும். நெழல்ல இருந்தா ஒண்ணும் பண்ணாது. அதான் தங்கச்சிக்கு ஒண்ணும் ஆவல."

"சொல்லாத." படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அம்மா வந்திருக்குன்னா கும்புட்டுட்டுப் போவாங்க. கெழவி மினுக்கப் போயி மூஞ்சிய வேவ வச்சுக்கிட்டான்னு தெரிஞ்சா? உன் சித்தப்பாவே சிரிப்பாரு."

"அப்ப கொட்டாய்லயே இருந்துக்கறீங்களா? தாரைவார்க்கறது?"

சித்தி கதவைப் பார்த்தாள். எதிரே எங்கள் வீட்டிலிருந்து தங்கையின் பேச்சுக்குரல் லேசாகக் கேட்டது. அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு புடவைத் தலைப்பால், கொப்புளத்தில் படாமல், கண்ணோரத்தை ஒற்றிக்கொண்டாள்.

"உங்கம்மாளக் கூப்புடு. அவ மட்டும் வரட்டும்."

அம்மா நம்பவில்லை. எனக்கு அது ஆச்சரியமாகவும் இல்லை.

"எலுமிச்சம்பழமாடி? ஆத்தாளுக்கு மாலையா கோத்துச் சாத்தறோம். சாமியாடறவங்களுக்குக் கையில குடுக்கறோம். குளுமையான பழம். அது எப்புடிடி சுடும்? ஆத்தா வந்தத பழத்து மேல போட்டுத் தப்பிக்கப் பாக்காதீங்க. கோவிச்சுக்கிட்டான்னா யாரு தாங்கறது?"

நான் விவாதம் செய்யவில்லை. அம்மா எத்தனையோ பேருக்கு அம்மைக் காலத்தில் பக்கத்திலிருந்து பார்த்தவள். எனக்குப் போட்டபோது தூங்காமல் விசிறியவள். "நீயே கையப் பாரும்மா" என்று மட்டும் சொன்னேன்.

அவள் சித்தியின் வலக்கையைத் தன் மடியில் எடுத்து வைத்து, பூசியிருந்த மஞ்சளை ஈரத்துணியால் மெதுவாக ஒற்றி எடுத்தாள். பழத்தைப் பிழிந்த கை அது; அதில் தேய்த்தது குறைவு. மணிக்கட்டிலிருந்து முழங்கையை நோக்கிச் சாறு வழிந்திருந்த தடம் அப்படியே தெரிந்தது. மூன்று கோடுகள். கோட்டின்மேல் கொப்புளம், இரண்டு கோட்டுக்கு நடுவே நல்ல தோல்.

அம்மா கோட்டின்மேல் படாமல் விரலை ஓட்டிக்கொண்டே போனாள்.

"ஆத்தா முத்து முத்தாத்தான் போடுவா" என்றாள். "கோடு போட மாட்டா."

பிறகு சித்தியின் முகத்தைப் பார்த்தாள். "ஏன்டி, கேட்டிருந்தா நான் கடலமாவு கரைச்சுக் குடுத்திருக்க மாட்டேனா?"

"அக்கா, சிரிக்க வைக்காதீங்க. கன்னம் இழுக்குது."

ஆனாலும் என் வார்த்தையையும் ஒரு கோட்டையும் மட்டும் நம்பிப் பந்தக்கால் நட முடியாது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. டாக்டர் சொல்ல வேண்டும். அம்மா ஒரு நிபந்தனை போட்டாள்: காட்டிவிட்டு வரலாம், ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது. வேப்பிலைக் கொத்தை அவள் இன்னும் அவிழ்க்கவில்லை.

விடிந்ததும் ஜெயங்கொண்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். சித்திக்கு நான் துப்பட்டா சுற்றிவிட்டேன். தோலில் உரசாமல், மெல்லிசு பருத்தியில், தளர்வாக. அதன்மேல் குடை. "இப்ப நானும் தேனெடுக்கப் போறேன்" என்றாள். சித்தப்பா ஆட்டோவில் முன்னால் உட்கார்ந்து வந்தார். அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. சிரிக்கவில்லை. நடுவழியில் இறங்கி இளநீர் வாங்கிக்கொண்டு வந்து, உறிஞ்சுகுழல் கன்னத்தில் படாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவராக இருப்பார். நான் சொல்லத் தொடங்குவதற்குள்ளேயே கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னம்மா தேச்சீங்க, எலுமிச்சையா?" என்று கேட்டார்.

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாதான் முன்னால் வந்தாள்.

"அப்ப இது அம்மா இல்லீங்களா?"

"இல்லம்மா. வெயில் சுட்டது. யாருக்கும் ஒட்டாது."

"கல்யாண வூட்டுல இருக்கலாங்களா? பொண்ணப் பெத்தவ. கொழந்தைங்கல்லாம் வரும்."

"தாராளமா இருக்கலாம். வெயில்ல மட்டும் நிக்க விடாதீங்க."

கொப்புளத்தை உடைக்கக் கூடாது, பச்சைத் தண்ணீரில் நனைத்த துணி வைக்கலாம், எழுதிக் கொடுக்கும் மருந்தைத் தவிர மஞ்சள் உட்பட எதுவும் பூசக் கூடாது, தண்ணீரும் மோரும் நிறையக் குடிக்க வேண்டும். நான் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டேன்.

சித்திக்கு ஒரே கேள்விதான் இருந்தது. "கல்யாணத்துக்குள்ள போயிடுங்களா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கொப்புளம் வத்திடும்மா. கறுப்புத் தழும்பு இருக்கும். மறைய மாசக் கணக்காவும். மேல எதையும் தேய்க்காதீங்க. மேக்கப்பும் இப்ப வேண்டாம்."

வாசலில் செருப்பு மாட்டும்போது அம்மா மறுபடி உள்ளே எட்டிப் பார்த்தாள். "எதுக்கும் ஆத்தாளுக்குக் கூழ் ஊத்தலாமுங்களா?"

"ஊத்துங்க. இவங்களுக்கும் ஒரு சொம்பு குடுங்க" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நிலையிலிருந்த வேப்பிலையை அவிழ்த்துக் கண்ணில் ஒற்றி, கிணற்றடியில் போட்டாள். அடுத்த நாள் பந்தக்கால் நட்டோம். தங்கைக்கு எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன். பாதியிலேயே எழுந்து ஓடினாள். சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்து, தொட இடம் தேடி, கடைசியில் கால்விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்ன யாரும்மா அதத் தேய்க்கச் சொன்னது?"

"நீ மட்டும் தேய்க்கலாமா? எனக்குந்தான் கல்யாணம்" என்றாள் சித்தி.

மண்டபத்தில் அலங்காரம் செய்ய வந்த பெண் சித்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு டப்பாக்களைத் திறந்தாள். நான் வேண்டாம் என்று தடுத்தேன். கன்னத்தில் கொப்புளம் வற்றி, காப்பித் தூளைக் குழைத்துத் தடவியதுபோல் திட்டுத்திட்டாக இருந்தது. சித்தி கண்ணாடியைத் திரும்பப் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டு, தூணோரமாக உட்கார்ந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா வந்தார். "என்னங்க சம்மந்தி, மூஞ்சியெல்லாம்?"

அம்மா முந்திக்கொண்டாள். "முந்திரிப்பால் தெறிச்சிடுச்சுங்க. எங்க பக்கம் சகஜங்க."

சித்தி அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சம்மந்தியைப் பார்த்து, "இல்லீங்க. அழகா இருக்கணும்னு எலுமிச்சம்பழம் தேய்ச்சுக்கிட்டு வெயிலுக்குப் போனேங்க" என்றாள்.

சம்மந்தியம்மா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நெற்றி மறைய வாரியிருந்த முடியை விரலால் விலக்கிக் காட்டினார். முடி தொடங்குகிற ஓரம் முழுக்கச் சிவந்து, பொருக்குத் தட்டியிருந்தது.

"டை அடிச்சேன். எங்க வூட்டுக்காரரு வேற 'உனக்கு எதுக்குடி'ன்னு அப்பவே சொன்னாரு. அரிப்புல தூங்கியே நாலு நாளாவுது. யாருகிட்டயும் சொல்லிப்புடாதீங்க."

"நான் ஏங்க சொல்றேன்?" என்றாள் சித்தி. சொல்லிவிட்டு மூடியிருந்த முந்தானையை விட்டுவிட்டாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் உன்னிப்பாகப் பார்த்து, என்ன மருந்து போடுகிறார்கள் என்று பேசத் தொடங்கினார்கள். ஐயர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தார்கள்.

தாரைவார்த்தார்கள். சித்தப்பா மகளின் கையை மாப்பிள்ளையின் கைமேல் வைத்துப் பிடித்துக்கொள்ள, சித்தி சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். பின்னால் நின்ற அம்மா, தானே ஊற்றுவதுபோல வலக்கையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

ஆல்பம் போடுவதற்கு முன் போட்டோக்காரர் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தார். அந்தப் படத்தைத் திறந்து பெரிதாக்கினார். "அம்மா மொகத்துல இருக்கறத எடுத்துடலாங்க. கையில கோடு கோடா இருக்கே, அதையும் எடுத்துடலாம். தெரியவே தெரியாது."

தங்கை அப்போது புருஷனோடு பெரம்பலூரிலிருந்து வந்திருந்தாள். "ஒண்ணும் எடுக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்" என்றாள், கொஞ்சம் கண் கலங்கி.

"நீ சும்மா இருடி" என்றாள் சித்தி. "மூஞ்சியில எடுங்க தம்பி. நல்லா சுத்தமா எடுங்க. கொஞ்சம் கலரும் ஏத்துங்க."

"கையிலம்மா?"

சித்தி குனிந்து திரையருகே போனாள். சித்தப்பாவின் கை, தங்கையின் மருதாணிக் கை, மாப்பிள்ளையின் கை, எல்லாவற்றுக்கும் மேலே சொம்பைச் சாய்த்த அவளுடைய கை. மூன்று கறுப்புக் கோடுகள். அவற்றின்மேல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"கையத் தொடாதீங்க. எல்லாரு கையும் ஒண்ணாக் கெடக்கு. என்னத அழிக்கப் போயி புள்ள கைய எதுவும் பண்ணிப்புடாதீங்க."

ஆல்பத்தில் சித்தியின் முகம் எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் இல்லாத ஒரு நிறத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் படத்தைப் பார்த்து, இது யார் என்று கேட்கிறார்கள். சித்தி படத்தில் அந்தக் கையைக் காட்டி, "நாந்தாங்க" என்கிறாள்.